புட்டிக்குள் இருக்கும் கேரியர்: ஒரு மருந்துக்கடைக்காரரின் மதிப்புரை

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜங்ஷனில் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தி வருகிறேன். என் கடை வாசலில் ‘கேரியர்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பக்கத்து ஓட்டல்காரருக்கு அது மதியச் சாப்பாடு போகும் அடுக்குப் பாத்திரம். கிராம சுகாதார செவிலியருக்கு அது தடுப்பூசிப் புட்டிகளை ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பெட்டி. மூன்றாவது கேரியர் யார் கண்ணிலும் படுவதில்லை. அது தடுப்பூசித் திரவத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு புரதம். இந்த மதிப்புரை அந்த மூன்றாவது கேரியரைப் பற்றியது; இரண்டாவதைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடந்த ஓராண்டில் எங்கள் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் மூன்று வகைக் கான்ஜுகேட் (கிருமியின் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு ஒட்டிச் செய்த) தடுப்பூசிகள் போடப்பட்டன. மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா தடுப்பூசி, அவனுக்கே என் கடைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த டைபாய்டு தடுப்பூசி, உம்ரா போகப் புறப்பட்ட திருவிதாங்கோட்டுப் பெரியவர் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும் பஞ்சாங்கம் போல மடித்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், எத்தனை வகைக் கிருமிக்கு என்று கேட்கிறார்கள், வெளிநாட்டுச் சரக்கா என்றும் கேட்கிறார்கள். கேரியர் என்ன புரதம் என்று இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

காரணத்தைச் சொல்லாமல் மதிப்பெண் போடுவது முறையல்ல. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், டைபாய்டுக் கிருமி, ஹிப் எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி ஆகியவை தம் உடலைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறையைப் போர்த்தியிருக்கின்றன. அந்த உறைக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டால் நோய் அண்டாது என்பதால், முதலில் வந்த தடுப்பூசிகளில் அந்தச் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்து அடைத்திருந்தார்கள். வளர்ந்தவர்களுக்கு அது ஓரளவு பயன்பட்டது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கோ, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் அதிகம் தாக்கும் வயது அதுவாக இருந்தும், வெறும் சர்க்கரை ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. நோய் எதிர்ப்பு அமைப்பில் நினைவை உண்டாக்கத் துணை செய்யும் டி செல்களுக்குப் புரதத் துண்டுகளைத்தான் அடையாளம் தெரியும், சர்க்கரை அவற்றின் கண்ணுக்கே படாது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் ஒட்டிவிட்டால், சர்க்கரையை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளுக்கு வழி செய்யும் பி செல் அந்த ஒட்டு முழுவதையும் விழுங்கி, புரதத்தைத் துண்டாக்கி டி செல்லிடம் காட்டுகிறது. டி செல்லின் உதவி கிடைத்ததும் அந்தச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள் வலுவாகிறது, நினைவும் தங்குகிறது. ஏவரி, கோபெல் என்ற இருவர் 1929-லேயே சர்க்கரையைப் புரதத்தோடு ஒட்டிக் காட்டிவிட்டார்கள். குழந்தைகளுக்கான மருந்தாக அது உருவெடுக்க 1980-களில் ராபின்ஸ், ஷ்னீர்சன் போன்றோர் ஹிப் கிருமிக்குச் செய்த வேலை தேவைப்பட்டது. அமெரிக்காவில் முதல் ஹிப் கான்ஜுகேட் தடுப்பூசிக்கு 1987-இல் உரிமம் கிடைத்தது.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. விதையிலிருந்து முளைத்த நாற்றின் பட்டையைக் கீறி, நன்றாகப் பால் தரும் மரத்தின் கண்ணை அதில் வைத்துக் கட்டுவார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கண்ணிலிருந்து வளரும் மரத்தின் பால்தான், ஆனாலும் மண்ணில் வேர் பிடித்து அதைத் தாங்குவது அடியில் இருக்கும் நாற்று. சர்க்கரை கண் என்றால் கேரியர் அந்த நாற்று. மட்டமான நாற்றில் உயர்ந்த ரகக் கண்ணை வைத்துக் கட்டியவர்கள் என்னிடமும் ஆத்திரத்தைக் கொட்டுவது உண்டு.

கேரியராக எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. உரிமம் பெற்ற மருந்துகளில் திரும்பத் திரும்ப வருபவை சில புரதங்களே. டெட்டனஸ் நச்சை ஃபார்மால்டிஹைடால் நச்சு நீக்கிய டாக்ஸாய்டு, தொண்டை அடைப்பான் நச்சை அதேபோல் பக்குவப்படுத்திய டாக்ஸாய்டு, சிஆர்எம்197 என்ற புரதம், ஹீமோஃபிலஸ் கிருமியிலிருந்து எடுக்கும் புரதம் டி, மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸின் வெளிச்சவ்விலிருந்து எடுக்கும் புரதக் கலவை. இவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது சிஆர்எம்197. தொண்டை அடைப்பான் நச்சின் 535 அமினோ அமிலங்களில் 52-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு திரிபு அது. அந்த ஒரே மாற்றத்தால் செல்லுக்குள் புரத உற்பத்தியை நிறுத்தும் திறனை நச்சு இழந்துவிடுகிறது. உச்சிடா, கில், பாப்பன்ஹைமர் ஆகியோர் 1971-இல் இத்தகைய திரிபுகளைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே நச்சற்றதாக இருப்பதால் இதை ஃபார்மால்டிஹைடில் ஊற வைக்க வேண்டியதில்லை. ஃபார்மால்டிஹைடு போய்ப் பற்றுவது லைசின் என்ற அமினோ அமிலங்களை, சர்க்கரையை ஒட்ட வேண்டிய கொக்கிகளும் பெரும்பாலும் அவையேதான். ஆகவே டாக்ஸாய்டில் சில கொக்கிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும், ஒரு தயாரிப்புத் தொகுதி போல அடுத்த தொகுதி அமைவதும் கடினம். சிஆர்எம்197-இல் 39 லைசின்களும் அப்படியே கிடைக்கின்றன. டெட்டனஸ் டாக்ஸாய்டு இதைவிட இரண்டரை மடங்கு பெரிய மூலக்கூறு, தயாரிக்கப் பழகிய பொருள், விலையும் குறைவு. இந்தியத் தயாரிப்பாளர்களிடம் அது பெரிதும் புழங்குவதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்க்கலாம். பேரனுக்கு ஆறாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் சுகாதார நிலையத்தில் போட்டது நிமோசில், ஐந்து டோஸ் புட்டி. புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பது. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி (தர ஒப்புதல்) பெற்றது. பத்து வகை நியூமோகாக்கஸ் சர்க்கரைகளும் சிஆர்எம்197 மீது ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்பது வகை இரண்டு மைக்ரோகிராம் வீதம், 6பி என்ற வகை மட்டும் நான்கு மைக்ரோகிராம். (சர்க்கரை நோய் உள்ள ஒரு தாத்தா, பேரனுக்குச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்களே என்று பதறினார். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம் என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது.) தனியார் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிப் போடும் பிரெவெனார் 13-இலும் கேரியர் இதே சிஆர்எம்197. நிமோசிலில் இல்லாமல் அதில் கூடுதலாக இருப்பவை 3, 4, 18சி ஆகிய மூன்று வகைகள். நாகர்கோவிலில் ஒரு தனியார் கிளினிக்கில் என் மகளிடம், அரசு ஊசி ‘லோக்கல்’, குழந்தை மேல் அக்கறை இருந்தால் காசு கொடுத்துப் போடுங்கள் என்று சொன்னார்களாம். மூன்று வகை கூடுதல் என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான பேச்சு. கேரியரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குலம் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

சின்ஃப்ளோரிக்ஸ் என்ற மூன்றாவது நிமோனியா தடுப்பூசியின் தாளைப் படிப்பது தனி அனுபவம். அதிலும் பத்து வகைச் சர்க்கரைகளே உள்ளன. எட்டு வகை புரதம் டி மீதும், 18சி டெட்டனஸ் டாக்ஸாய்டு மீதும், 19எஃப் தொண்டை அடைப்பான் டாக்ஸாய்டு மீதும் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரே வண்டியில் எல்லோரையும் ஏற்றாமல் மூன்று வண்டி பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே புரதத்தை உடலுக்கு அளவுக்கு மீறிக் காட்டினால், எதிர்ப்பு முழுவதும் அந்தப் புரதத்தின் மேலேயே திரும்பி, அதன்மேல் இருக்கும் சர்க்கரை கவனிப்பாரற்றுப் போகும் சூழல் சில நேரங்களில் உருவாகிறது. பதின்மூன்று, பதினைந்து, இருபது என்று வகைகளைக் கூட்டக் கூட்டக் கேரியரின் அளவும் கூடுவதால், இந்தக் கவலை தயாரிப்பாளர்களை விட்டுப் போகவில்லை. ‘வகை அதிகம் என்றால் மருந்து மேல்’ என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். காம்பியாவில் நிமோசிலைச் சின்ஃப்ளோரிக்ஸோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில் நிமோசில் பின்தங்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டைபாய்டுக்கு வருவோம். என் கடையிலேயே ஒரு தவறு நடக்க இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. பாரத் பயோடெக் ‘டைப்பார்’ என்றும் ‘டைப்பார்-டிசிவி’ என்றும் இரண்டு மருந்துகளைத் தயாரிக்கிறது. முதலாவது டைபாய்டுக் கிருமியின் ‘விஐ’ (Vi) எனப்படும் வெறும் உறைச் சர்க்கரை, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. இரண்டாவது அதே சர்க்கரை 25 மைக்ரோகிராம், டெட்டனஸ் டாக்ஸாய்டோடு ஒட்டப்பட்டது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். ஒன்பது மாதக் குழந்தைக்கான சீட்டைப் பார்த்து எங்கள் கடைப் பையன் குளிர்பெட்டியிலிருந்து முதலாவதை எடுத்துக் கவரில் போட்டுவிட்டான். பில் போடும்போது பெயரில் மூன்று எழுத்து குறைவதைக் கவனித்துத் திரும்ப வாங்கி வைத்தேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே தட்டில் அடுக்கியது என் பிழை. அன்று முதல் அவை தனித்தனித் தட்டுகளில் இருக்கின்றன. வெறும் சர்க்கரை உள்ள தட்டில் ‘இரண்டு வயசுக்கு மேல்’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கேரியர் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே வேறுபாடு ஒரு குழந்தைக்கு மருந்தா தண்ணீரா என்று தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

டைப்பார்-டிசிவியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நேபாளத்தில் இருபதாயிரம் பிள்ளைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில் அதன் பாதுகாப்பு 81.6 விழுக்காடு. பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தின் டைஃபிபெவ்-இல் கேரியர் சிஆர்எம்197. அதற்கு 2020 டிசம்பரில் முன்தகுதி கிடைத்தது. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம் என்பதே என் கருத்து. முன்னதற்குக் கள ஆய்வுகள் அதிகம் என்பதால், இரண்டும் எதிரில் இருந்தால் என் கை அதன் பக்கம் போகும்.

கேரியரைப் பற்றித் தெரிந்துகொண்டவர்களுக்கும் ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் கத்தி வழுக்கி இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, துணி சுற்றியபடி கடைக்கு வந்தார். துணியை விலக்கிப் பார்த்தபோது, காயத்தின் ஓரத்தில் உறைந்த ரப்பர் பால் வெள்ளைப் பிசினாக ஒட்டியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

“அண்ணே, போன மாசம் டைபாய்டுக்கு ஊசி போட்டேன்லா, அதுல டெட்டனஸ் உண்டுன்னு நீங்கதானே சொன்னிய? பின்ன இன்னொண்ணு எதுக்கு?”

“அது வண்டி தம்பி, சரக்கு இல்ல. அத வச்சு கணக்கு முடிக்கப்பிடாது. போய்ப் போட்டுட்டு வா.”

கேரியராக வரும் டாக்ஸாய்டை டெட்டனஸ் தடுப்பூசிக்கோ தொண்டை அடைப்பான் தடுப்பூசிக்கோ ஈடாகக் கொள்ளக் கூடாது. அதை அவருக்கு அன்றே விளக்காமல் விட்டது என் குறை. குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கப் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் டெட்டனஸ் டாக்ஸாய்டு இரண்டு வேடத்தில் வருகிறது. ஒன்று தடுப்பு மருந்தாகவே வருவது, மற்றொன்று ஹிப் சர்க்கரையைச் சுமந்து வருவது. தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் அந்த ஊசியைத் தொடங்கின. எல்லையோர மாவட்டமான நமக்குக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த ஊசி அது.

திருவிதாங்கோட்டுப் பெரியவரின் தேவை வேறு. ஹஜ், உம்ரா செல்வோருக்குச் சவூதி அரசு கேட்கும் ஏ, சி, ஒய், டபிள்யூ135 என்ற நால்வகை மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வெறும் சர்க்கரையாக இருந்தால் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். கான்ஜுகேட்டாக இருந்தால் ஐந்து ஆண்டு. அவர் போட்டுக்கொண்ட மெனாக்ட்ராவில் நான்கு சர்க்கரைகளும் நான்கு மைக்ரோகிராம் வீதம் தொண்டை அடைப்பான் டாக்ஸாய்டு மீது ஒட்டப்பட்டிருந்தன. அதே நிறுவனத்தின் பின்னாளைய மென்குவாட்ஃபியில் கேரியர் டெட்டனஸ் டாக்ஸாய்டு. சான்றிதழில் மருந்தின் வகையைத் தெளிவாக எழுதி வாங்கச் சொன்னேன். எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த எந்தப் பெட்டியின் வெளிப்புறத்திலும் கேரியரின் பெயர் பளிச்சென்று தெரியும்படி இல்லை. உள்ளே இருக்கும் தாளில், எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்தில் உள்ளடக்கப் பட்டியலில் ஒரு வரியாக வருகிறது. சுகாதார நிலையத்தில் போடும்போது அந்தத் தாள் பெற்றோர் கைக்கு வருவதே இல்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் பிசிவி (நியூமோகாக்கஸ் கான்ஜுகேட் தடுப்பூசி) என்று மட்டுமே எழுதுகிறார்கள். எந்த நிறுவனத்தின் பிசிவி என்று பின்னாளில் ஒரு மருத்துவர் கேட்டால் சொல்ல வழியில்லை. பேரனுக்கு நான் புட்டியின் பெயரையும் தொகுதி எண்ணையும் கேட்டு அட்டை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். செவிலியர் முகம் சுளிக்காமல் புட்டியைத் திருப்பிக் காட்டினார்.

அந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். புதன்கிழமை காலை கூட்டம் வாசல்வரை நின்றது. உட்கார இடம் போதவில்லை என்பது உண்மை. ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் செவிலியர் செய்த முதல் வேலை ஐஸ் பேக்கைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தது. உள்ளே தண்ணீர் ‘களக் களக்’ என்றால்தான் அது பதப்பட்ட ஐஸ். கல்லாக உறைந்த பேக்கைப் புட்டியோடு ஒட்டி வைத்தால், அலுமினியம் பாஸ்பேட்டில் படிந்திருக்கும் நிமோசில் போன்ற மருந்து உறைந்து கெட்டுவிடும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகிலும் நடையிலும் போகும் அந்தப் பெட்டிக்குள் நான்கு பேக்குகளும் அப்படிப் பதம் பார்த்து வைக்கப்பட்டவைதானா என்பதில்தான், ஆய்வகத்தில் அத்தனை பாடுபட்டு ஒட்டிய புரதத்தின் கதி தொங்குகிறது.

எனக்கு ஒருமுறை மொத்த விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய பிசிவி பெட்டியில், கல் போன்ற ஐஸ் கட்டி புட்டிகளின் மேலேயே கிடந்தது. சந்தேகம் வந்ததால், அதே தொகுதியில் ஒரு புட்டியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, வந்த புட்டி ஒன்றோடு சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலுமே தயிர் திரிந்தது போலத் துகள் திரண்டு, கண் பார்த்திருக்கும்போதே அடியில் இறங்கியது. கெடாத மருந்து அவ்வளவு விரைவில் தெளியாது, நெடுநேரம் பால் போல் கலங்கியே நிற்கும். மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பினேன். டைப்பார்-டிசிவி தெளிந்த திரவம், அலுமினியம் இல்லாதது; ஆகவே இந்தச் சோதனை அதற்குச் செல்லாது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்து, தென்னையும் ரப்பரும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, எங்கள் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லாமல் போனபோது, ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்த இரண்டாம் நாள் குளிர்பெட்டியில் இருந்த அத்தனை ஊசிகளையும் எடுத்து அழித்தேன். வெளியே பார்த்தால் ஒவ்வொன்றும் புதிது போலவே இருந்தது. அந்த நட்டத்துக்குப் பிறகு கடையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஐஸ் பெட்டியோ பிளாஸ்கோ கொண்டுவராதவர்களுக்குத் தடுப்பூசி கொடுப்பதில்லை. வாங்கிக் கொண்டுபோன ஊசியை, டாக்டர் இல்லை என்று அரை மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தாலும் எடுப்பதில்லை. இதனால் என்னோடு சண்டை பிடித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனவர்களும் உண்டு.